தாயும் சேயும், இருபத்துநாலுக்கு முப்பத்தாறு

கச்சேரி ரோட்டில் என் கடை.
கிழக்கே போனால் சாந்தோம், மேற்கே லஸ்.
இரண்டு மாதா கோயிலுக்கும் நடுவில்
சட்டம் அடிக்கிறவனுக்கு
அம்மாக்களுக்குப் பஞ்சமில்லை.

போன வாரம் மட்டும்
வேளாங்கண்ணி மாதா மூன்று.
தஞ்சாவூர் யசோதை ஒன்று,
மக்கு வைத்து வைத்துக் கன்னம் புடைத்த கண்ணன்
அவள் மடிக்குக் கொள்ளவில்லை.
பிறந்து ஒன்பது நாளான பிள்ளையைக்
கூடையில் சுருட்டி வைத்து எடுத்த போட்டோ,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
கண்ணாடி விரிசல் விட்ட இத்தாலிப் பிரிண்ட்,
அதில் மரியாளின் மடியில்
ரிடையர் ஆன தாசில்தார் முகத்தோடு பாலயேசு.
பச்சைப் பிள்ளையை எதிரில் வைத்து
யாரும் வரைந்ததில்லை போல.
அது எங்கே சும்மா இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.
வெயில் தாங்காமல்
எழும்பூர் மியூசியத்தில் நுழைவதுண்டு.
சோமாஸ்கந்தர்களில் சிலதில்
அப்பனும் அம்மையும் இருக்கிறார்கள்,
நடுவில் பிள்ளை இல்லை.
அது நின்ற இடத்தில் பீடம் மட்டும்.
எந்த மண்ணுக்குள் கழன்று விழுந்ததோ.
அம்மை கையை மாற்றிக்கொள்ளவில்லை,
இல்லாத பூவை இன்னும் பிடித்திருக்கிறாள்.
ஆதிச்சநல்லூர்த் தாழியில் கிடைத்தவள்
உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள்.
அவளிடமும் பிள்ளை கிடையாது.
தாய் என்பது
நாம் எழுதி ஒட்டியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்
ஆழ்வார்பேட்டை வீடொன்றிலிருந்து
டிரைவர் போர்வை சுற்றிக் கொண்டுவந்தார்.
பழைய சட்டம் செல்லரித்துவிட்டதாம்.
பிரித்தேன்.
பச்சைப் புடவை, மர ஸ்டூல், பின்னால் காவிச் சுவர்,
இடுப்பு வலியைப் பல்லில் கடிக்கிற அந்த வாய்.
என் அம்மா தேசம்மாள்.
மடியில் யாரோ ஒரு குழந்தை,
சுருட்டை முடி, செம்பு நிறம், கொழுகொழு கால்.

பெரியமேட்டு ஆர்ட்ஸ் காலேஜில்
அம்மா மாடலாக உட்கார்ந்த காலம்.
மணிக்கு மூன்று ரூபாய், டீ தனி.
எனக்கு அப்போது ஏழு மாசம்.
முதல் நாள் என்னைத்தான் மடியில் வைத்தார்களாம்.
நான் நெளிந்தேன், சார் பிரஷ்ஷைக் கடித்தேன்,
ஸ்டூலை நனைத்தேன்.
மறுநாளிலிருந்து
தலையணையைச் சுருட்டி ஒரு துண்டு சுற்றி
மடியில் கொடுத்துவிட்டார்கள்.
என்னை மாடிப்படிக்குக் கீழே
வாட்ச்மேன் கண்ணபிரானிடம் விட்டார்கள்.
முப்பது பேர் அந்தத் தலையணைக்கு
ஆளுக்கொரு முகம் போட்டார்கள்.

நான் கீழே அழுதேன்.
அவள் மேலே அசையக்கூடாது.

அளவெடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்.
ரவிக்கையில், இடது பக்கம்,
நான்கு விரல் அகலத்துக்குத்
துணி ஆழ்ந்த நிறம், ஓரத்தில் மினுக்கம்.
“இந்த லைட்டைத்தான் எல்லாரும் பேசுவாங்களாம்,
அம்மா சொல்வாங்க” என்றார் டிரைவர்.
நான் டேப்பைப் பிடித்தபடியே நின்றேன்.
லைட் இல்லை அண்ணே, ஈரம்,
என்று சொல்ல வாயெடுத்து
தேக்கா, தங்க முலாமா என்று கேட்டேன்.

தேக்கு.
கண்ணாடி வேண்டாம், ஆயிலுக்குக் காற்று வேண்டும்.
ரசீதில் பெயர் எழுதும் கட்டம் இருக்கிறது.
‘தாயும் சேயும்’ என்று எழுதினேன்,
படத்துக்குப் பின்னால் அப்படித்தான் இருந்தது.

ராத்திரி புளியந்தோப்புக்குப் போன் போட்டேன்.
டிவி சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன்.
“பச்சப் பொடவையா?” என்றாள்.
“அது காலேஜ் பொடவடா. சாயங்காலம் மடிச்சுக் குடுத்துடணும்.”
புள்ளயும் நான் இல்லையேம்மா என்றேன்.
“தலகாணி.”
அப்புறம் உன்னோடது என்னதான் இருக்கு அதுல?

டிவியைக் குறைத்தாள்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

“ரவிக்க என்னுது” என்றாள்.